பூமலையில் தமிழிலும் உலா வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பூமலை என்று நாம் அழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் நடத்தப்படும் கல்வி நிகழ்ச்சிகள் குறித்து ஒரு வேண்டுகோளைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

1859ல் உருவாகி, 2015ல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்தப் பூங்காவை நம்மில் பலர் காலை நடைக்கும் படம் எடுப்பதற்கும் ஏற்ற இடமாக மட்டுமே பார்க்கிறோம். தொண்டூழிய வழிகாட்டிகள் கட்டணமின்றி அழைத்துச் செல்லும் உலாக்களைப் பற்றி நான் சொன்னபோது, என் அண்டைவீட்டார் பலர் வியப்படைந்தனர். பூமலைக்குள் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்றே அமைந்த ஜேக்கப் பாலஸ் சிறுவர் பூங்காவுக்குள் பெரியவர்கள் ஒரு பிள்ளையுடன் வந்தால்தான் செல்ல முடியும். மிக நல்ல விதி அது. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கைத்தொலைபேசியுடன் ஒதுங்கிக்கொள்ள இடந்தராமல், இரு தலைமுறையினரையும் ஒரே செடியின் முன் நிறுத்துகிறது.

சென்ற ஆண்டு என் மாமியாரையும் மகளையும் தொண்டூழிய வழிகாட்டி நடத்திய ஓர் உலாவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். இளம் வயதில் ஜொகூர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பாலெடுத்தவர், என் மாமியார். 1877ல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததையும், 1888ல் பூமலையின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் கீறி மீண்டும் மீண்டும் பாலெடுக்கும் முறையை வகுத்ததையும் வழிகாட்டி ஆங்கிலத்தில் அழகாக விளக்கினார். மலாயாவெங்கும் ரப்பர் தோட்டங்கள் பரவியதும், அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து நம்மவர்கள் பெருந்திரளாகக் கொண்டுவரப்பட்டதும் அந்த ஆய்வின் தொடர்ச்சிதான். விளக்கம் புரியாமல் சற்றுப் பின்தங்கி நின்ற மாமியார், மரத்தைக் கண்டதும் அருகில் சென்று, இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகக் கத்தியை இழுக்கும் விதத்தை வெறுங்கையால் காட்டினார். ஆழம் கூடினால் மரத்தில் காயம் விழும், குறைந்தால் பால் இறங்காது என்றும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்பே மரத்தடிக்குப் போய்விடுவார்கள் என்றும் தமிழில் கூறினார். மகள் அரைகுறையாக மொழிபெயர்த்தாள். அதற்குள் குழு நகர்ந்துவிட்டது.

வழிகாட்டியைக் குறைகூற இதை எழுதவில்லை. குறித்த நேரத்தில் உலாவை முடிப்பது அவர் கடமை. ஆனால், பால் வடியும் கிண்ணமான மங்கும், வெட்டிய இடத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பாலும் எவையெனத் தம் கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே, அவர்கள் பேசவும் பேரப்பிள்ளைகள் கேட்கவும் தமிழில் வழிநடத்தப்படும் உலாக்கள் ஒழுங்காக நடைபெற வேண்டும் என்பதே என் விருப்பம். ரப்பரோடு இது நின்றுவிட வேண்டியதில்லை. பூமலையின் இஞ்சித் தோட்டத்தில் மஞ்சளும் ஏலமும் சித்தரத்தையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைத் தாவரவியல் அறிந்தவர் சொல்ல, எதை எந்தக் கைவைத்தியத்துக்கு வீட்டில் பயன்படுத்தினார்கள் என்பதைப் பாட்டி சொன்னால், தொடக்கப்பள்ளி மாணவருக்கு அறிவியல் பாடமும் தமிழ்ப் பாடமும் ஒருசேரக் கிடைக்கும்.

ஆண்டுதோறும் ஏப்ரலில் நடைபெறும் தமிழ்மொழி விழா இதைத் தொடங்க ஏற்ற காலம். சமூக மன்றங்கள் மூத்தோரைப் பேருந்தில் அழைத்துவர உதவலாம். தமிழாசிரியர்கள் தங்கள் மாணவர்களை அதே நாளில் அழைத்து வரலாம். தாவரங்களைப் பற்றிய பயிற்சியைப் பூமலையை நிர்வகிக்கும் தேசியப் பூங்காக் கழகம் அளிக்க முன்வருமானால், தமிழில் வழிநடத்தும் தொண்டூழியராகச் சேர நானும், என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற சில ஆசிரியர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தோ பாயோ, சிங்கப்பூர்