ஜெர்மன்டவுன் சபை வரலாறு: உதவியவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள ஜெர்மன்டவுன் மென்னோனைட்டு சபையின் (மென்னோனைட்டுகள் போரை மறுக்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) வரலாற்றைத் தமிழில் சிறு புத்தகமாக எழுதி முடித்து, எங்கள் ஜெபக்குழுவில் வாசிக்கவும் கொடுத்தாயிற்று. என் ஒருவனால் ஆன காரியமில்லை இது.

முதல் நன்றி, 1770-இல் கட்டிய கல் ஆராதனை வீட்டைத் திறந்து காட்டிய அம்மாவுக்கு. அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்றுதான் போனேன். மத்தியானம் முழுக்க என்னோடு இருந்தார்கள். உள்ளே ஒரு மேசை இருக்கிறது. அடிமை முறையை எதிர்த்து 1688-இல் எழுதிய மனுவில் இதன் மேல் வைத்துத்தான் கையெழுத்திட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்வது. தொடக் கை வரவில்லை. பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான்.

அந்த மனுவைப் பற்றி நான் எழுதியதில் பெரிய பிழை இருந்தது. கையெழுத்திட்ட நால்வரும் மென்னோனைட்டுகள் என்று எழுதிவிட்டேன். முதல் பிரதியை வரி வரியாகப் படித்த ஆசிரியர் ஐயா பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். அவர்கள் அப்போது குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவின் கூட்டத்தில் இருந்தவர்கள். மனு போனதும் குவேக்கர்களின் மேல்கூட்டங்களுக்குத்தான். அங்கே அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள். நால்வரில் ஒருவரான பாஸ்டோரியஸ் லூத்தரன் வீட்டுப் பிள்ளை. 1683-இல் ஜெர்மனியின் கிரேஃபெல்டிலிருந்து ஜெர்மன்டவுனில் குடியேற வந்த 13 குடும்பங்களிலும் பெரும்பாலோர் குவேக்கர்களே, மென்னோனைட்டு வேர் பலருக்கு இருந்தாலும். ஐயா இல்லையென்றால் அந்தப் பிழை அப்படியே அச்சேறியிருக்கும்.

ரிட்டன்ஹவுஸ்டவுனுக்குத் தன் காரில் அழைத்துப்போன தம்பிக்கும் நன்றி. வில்லியம் ரிட்டன்ஹவுஸ் 1690-இல் அங்கேதான் காகித ஆலை போட்டார். இந்தச் சபையின் முதல் போதகரும் அவரே. ஆனால் சபையில் ஞானஸ்நானமும் திருவிருந்தும் 1708 வரை நடக்கவில்லை. அவற்றை நடத்த அதிகாரமுள்ள மூப்பர் இல்லை. முதல் திருவிருந்தைப் பார்க்காமலே அதே வருடம் அவர் இறந்துபோனார். ஓடைக்கரையில் நின்று தம்பி இதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், 1997-ஐப் பற்றிக் கேட்கத் தயங்கி நின்ற என்னிடம் தாமே பேச்செடுத்த சபையாருக்கு. தன்பாலின ஈர்ப்புள்ளவர்களை அங்கத்தினராகச் சேர்த்ததற்காக, மென்னோனைட்டு சபைகளின் கூட்டமைப்பான ஃபிராங்கோனியா மாநாட்டிலிருந்து அந்த வருடம் சபை விலக்கப்பட்டது. ஒருவர் மேலும் குறை சொல்லாமல் நடந்ததைச் சொன்னார்கள். அந்தப் பக்கங்களை நானும் அப்படியே எழுதப் பார்த்திருக்கிறேன்.

பிரதி கேட்டவர்களுக்கு வரும் ஞாயிறு ஜெபத்துக்குக் கொண்டுவருகிறேன்.