சிலுவையில் மரித்தவர் யார் என்பதையும் சொல்லுங்கள்: பிரசங்கிமாருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்தவ சபைகளில் திருவசனத்தை விளக்கும் போதகர்களுக்கும் குருமார்களுக்கும், ஞாயிறு பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் விசுவாசி ஒருவன் வணக்கத்துடன் எழுதும் மடல் இது.

கிறிஸ்துமஸ் நாட்களில் முன்னணையில் கிடத்தப்பட்ட குழந்தையின் தாழ்மையைப் பற்றியும், பெரிய வெள்ளியன்று சிலுவையின் வேதனையைப் பற்றியும் நீங்கள் மனமுருகப் பேசுகிறீர்கள். ஆனால் இவ்விரண்டும் ஒரே செய்தி என்பது கேட்போருக்கு விளங்கும்படி சொல்லப்படுவது அரிதாகி வருகிறது. பிறப்பு ஒரு மகிழ்ச்சியான கதையாகவும், மரணம் வேறொரு துயரக் கதையாகவும் பிரிந்து நிற்கின்றன. பெத்லகேமில் பிறந்தவர் யார் என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லாவிட்டால், சிலுவை நாட்டப்பட்ட கொல்கொதாவில் நடந்தது நல்லவர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியாக மட்டுமே மிஞ்சும். அதைவிட மோசமாக, கோபங்கொண்ட கடவுள் குற்றமற்ற ஒருவரைத் தண்டித்துத் தம் கோபத்தைத் தணித்துக்கொண்டார் என்று கேட்போர் விளங்கிக்கொள்ளவும் கூடும். பலர் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காரணத்தினாலேயே விசுவாசத்தை விட்டு விலகியவர்களும் உண்டு.

பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். ரயில் பாலத்தைத் தூக்கி இறக்கும் பணியிலிருக்கும் தந்தை ஒருவர், விரைந்து வரும் ரயிலின் பயணிகளைக் காப்பாற்றுவதற்காக, இயந்திரச் சக்கரங்களுக்கிடையில் சிக்கிக்கொண்ட தன் மகனை நசுங்கவிட்டுப் பாலத்தை இறக்குகிறார். கேட்பவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். ஆனால் அந்தக் கதையில் நற்செய்தி இல்லை. அங்கே மகன் எதையும் மனமுவந்து தேர்ந்தெடுக்கவில்லை, தந்தை தன்னைக் கொடுக்காமல் வேறொருவரைக் கொடுக்கிறார், நடப்பதும் எதிர்பாராத ஒரு விபத்து. யோவான் நற்செய்தியின் இயேசுவோ தம் ஜீவனை ஒருவனும் தம்மிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை என்றும், தாமே அதைக் கொடுப்பதாகவும் சொல்கிறார் (10:18). தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார் (2 கொரி. 5:19). ஒப்புரவாக்கும் செயலைத் தொடங்கியவர், செய்தவர், அதன் விலையை ஏற்றவர் எல்லாம் கடவுளே. மனுவுருவாதலை, அதாவது கடவுள் மனிதரானதை, விட்டுவிட்டுச் சிலுவையை மட்டும் பேசும்போது இந்த மையம் காணாமற்போகிறது. பிதா ஒரு பக்கம், குமாரன் மறுபக்கம், இருவருக்கும் இருவேறு மனம் என்ற தோற்றம் வந்துவிடுகிறது. இதைத் திருத்துவதற்காகப் பிதாவே சிலுவையில் பாடுபட்டார் என்று மறுமுனைக்குப் போய்விடவும் வேண்டாம். அந்தப் போதனையையும் ஆதித்திருச்சபை மறுத்தது. அனுப்பிய பிதாவும் வந்த குமாரனும் ஒரே அன்பினால் செயல்பட்டார்கள் என்பதே சபையின் அறிக்கை.

பழைய ஏற்பாட்டின் பலிகளைக் குறித்தும் இதே குழப்பம் நிலவுகிறது. மனிதன் கடவுளுக்கு ஏதோ கொடுத்து அவரை வசப்படுத்தும் முயற்சியாகப் பலியைப் பலர் பார்க்கிறார்கள். லேவியராகமம் 17:11 சொல்வது நேர் எதிரானது: உயிர் இரத்தத்தில் இருக்கிறது, அதைப் பாவநிவர்த்திக்காகப் பலிபீடத்தின்மேல் உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று கடவுளே பேசுகிறார். பலி முதலில் கடவுளிடமிருந்து மனிதனுக்கு வரும் ஈவு. அதே நூலின் 16ஆம் அதிகாரத்தில் பாவநிவாரண நாளில் ஆரோன் மக்களுக்காகப் பலியிடுவதற்கு முன் தன் பாவத்துக்காக ஒரு காளையைச் செலுத்த வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அவ்வாறே. செலுத்துகிறவர் குறையுள்ளவர், செலுத்தப்படும் மிருகத்துக்குத் தான் ஏன் சாகிறோம் என்பது தெரியாது. இந்த இரண்டு குறைகளும் எங்கே நீங்குகின்றன என்பதுதான் புதிய ஏற்பாட்டிலுள்ள எபிரெயர் நிருபத்தின் கேள்வி. செலுத்துகிறவரும் செலுத்தப்படுகிறவரும் ஒருவரே ஆகி, அவர் அறிந்தும் விரும்பியும் தம்மைக் கொடுக்கும் இடத்தில் நீங்குகின்றன. அதற்கு அவருக்கு ஓர் உடல் வேண்டும். ஆகவேதான் அந்நிருபம் 40ஆம் சங்கீதத்தின் வரியைக் கிறிஸ்துவின் வாயில் வைத்து, உலகத்துக்குள் வரும்போது அவர் 'ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்' என்று சொல்வதாக எழுதுகிறது (10:5). பிறப்பும் பலியும் ஒரே வசனத்தில் இணைந்து நிற்பதைக் கவனியுங்கள்.

சபை இதை எளிதாகப் பெற்றுக்கொள்ளவில்லை. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் ஆயர் இக்னாசியார், ரோமாபுரியில் மரணத்தை எதிர்நோக்கிக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட வழியில் எழுதிய கடிதங்களில், கிறிஸ்து மெய்யான மாம்சத்தில் வரவில்லை, வெறும் தோற்றமாகவே பாடுபட்டார் என்று கற்பித்தவர்களைக் கடுமையாக எதிர்க்கிறார். அவருடைய பாடு தோற்றமானால் தான் ஏன் விலங்கிடப்பட்டிருக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. 4ஆம் நூற்றாண்டில் ஆரியு என்னும் குரு குமாரனைப் படைக்கப்பட்டவராகக் கற்பித்தபோது, 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் அதை மறுத்தது. படைக்கப்பட்ட ஒருவர் எவ்வளவு உயர்ந்தவராயிருந்தாலும், படைப்பைக் கடவுளோடு இணைக்க அவரால் இயலாது என்பதே அலெக்சாந்திரியாவின் ஆயர் அதனதேசியார் தொடர்ந்து வாதிட்டது. அவர் மற்றொன்றையும் விளக்கினார்: கடவுளின் வார்த்தையானவர் தம் இயல்பில் சாக முடியாதவர், ஆகையால் எல்லாருக்காகவும் மரணத்துக்கு ஒப்புக்கொடுக்கும்படி, சாகக்கூடிய உடலைத் தமதாக்கிக்கொண்டார். அப்பொலினாரி என்பவர் கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு, மனித அறிவாற்றல் இல்லை என்றபோது, ஆயரும் இறையியலாளருமான நசியான்சு கிரகோரியார் 'ஏற்றுக்கொள்ளப்படாதது குணமாக்கப்படவில்லை' என்று பதிலளித்தார். பயமும் குழப்பமும் சோதனையும் குடிகொள்வது நம் உள்ளத்தில்தானே? அதை அவர் ஏற்கவில்லையென்றால் நம்முடைய மிகப் பெரிய நோய் மருந்தின்றி விடப்பட்டிருக்கும்.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் அசைத்தது மாக்சிமு என்னும் துறவியின் வாழ்க்கை. கிறிஸ்துவுக்குத் தெய்வீகச் சித்தம் மட்டுமே உண்டு, தனி மனிதச் சித்தம் இல்லை என்ற போதனையைப் பேரரசு ஆதரித்த காலத்தில் அவர் அதற்கு இணங்க மறுத்தார். அவருடைய நாவையும் வலக்கையையும் வெட்டி நாடுகடத்தினார்கள். 662இல் அவர் இறந்தார். அவர் காத்து நின்ற உண்மையை 680–681இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கம் உறுதிப்படுத்தியது. சொல் நுணுக்கத்துக்காக ஒருவர் நாவை இழக்க வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். கைதுசெய்யப்படுவதற்கு முன் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். 'என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது' என்று சொன்னபோது, மரணத்துக்கு அஞ்சிய மெய்யான மனிதச் சித்தம் ஒன்று அங்கே இல்லையென்றால் கீழ்ப்படிந்தது யார்? ஆதாம் முதல் எந்த மனிதச் சித்தம் கடவுளுக்கு எதிராகத் திரும்பியதோ, அதே மனிதச் சித்தம் அந்தத் தோட்டத்தில், வியர்வையோடும் மன்றாட்டோடும், உள்ளிருந்தே கடவுளிடம் திருப்பப்பட்டது. சிலுவையில் பலியானது உடல் மட்டுமல்ல, இந்தக் கீழ்ப்படிதலுங்கூட. இயேசு எளிதாகச் சிலுவையை ஏற்றுக்கொண்டார் என்பதுபோல இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.

பழங்காலப் பொதுச்சங்கங்கள் கிறிஸ்து யார் என்பதை மிகக் கவனமாக வரையறுத்தன. அவருடைய மரணம் எவ்வாறு நம்மை மீட்கிறது என்பதற்கு ஒரே விளக்கத்தைக் கட்டளையாக வைக்கவில்லை. மரணத்தின்மேல் பெற்ற வெற்றி என்று சிலர் விளக்கினார்கள். கடன்பட்டவன் மனிதன், தீர்க்க வல்லவர் கடவுள், ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவரே தீர்க்க முடியும் என்று 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம் விளக்கினார். நம்முடைய தண்டனையை அவர் நமக்குப் பதிலாக ஏற்றார் என்பதை 16ஆம் நூற்றாண்டின் சபைச் சீர்திருத்தவாதிகள் அழுத்திச் சொன்னார்கள். எந்த விளக்கத்தை எடுத்தாலும், சிலுவையில் இருப்பவர் மெய்யான கடவுளும் மெய்யான மனிதரும் அல்லவென்றால் அது நிற்காது. விளக்கங்களுக்காகச் சண்டையிடுவதைவிட, அவை எல்லாவற்றையும் தாங்கும் இந்த அடித்தளத்தைக் கற்பிப்பது முக்கியம் என்று கருதுகிறேன்.

மனவருத்தத்துடன் சொல்ல வேண்டியது ஒன்றும் உண்டு. வீட்டில் அடிபடும் பெண்ணிடம், சுரண்டப்படும் தொழிலாளியிடம், கிறிஸ்து சகித்ததுபோல நீயும் சகித்துக்கொள் என்று ஆலோசனை சொல்லப்படுகிறது. இது பலியின் பொருளையே கவிழ்ப்பது. அதிகாரமுடையவர் தம்மைத் தாமே தாழ்த்திக் கொடுத்ததே கிறிஸ்துவின் பலி. பலமற்றவர்மேல் பிறர் சுமத்தும் வன்முறைக்கு அது மாதிரியாகாது. அவர் தம்மை ஒரே தரம் பலியிட்டார் என்று எபிரெயர் நிருபம் திரும்பத் திரும்பச் சொல்வதை இந்த வெளிச்சத்தில் வாசியுங்கள். பலி முடிந்துவிட்டது, இனி எவருடைய குடும்ப அமைதிக்காகவோ, சபையின் நற்பெயருக்காகவோ இன்னொருவரைப் பலியாக்க யாருக்கும் உரிமையில்லை. இதைப் பிரசங்கபீடத்திலிருந்து நீங்களே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் உங்கள் வாயிலிருந்து அதைக் கேட்கக் காத்திருக்கிறார்கள்.

துன்பத்தில் இருப்பவருக்கு இந்த விசுவாசம் தரும் ஆறுதல் வேறு வகையானது. பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாயிருந்தபடியால் அவரும் அவ்வாறே ஆனார் என்றும் (எபி. 2:14), தாம் சோதிக்கப்பட்டுப் பாடுபட்டதினாலே சோதிக்கப்படுகிறவர்களுக்கு உதவிசெய்ய வல்லவராயிருக்கிறார் என்றும் (2:18) எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரிடம் கடவுள் உன்னை அறிவார் என்று சொல்லும்போது, அவர் மேலிருந்து பார்த்து மட்டும் அறியவில்லை, உடலின் வலியை உடலாலேயே அறிந்தார் என்று சொல்ல வேறு எந்த ஆதாரத்தை நாம் காட்ட முடியும்? அந்த உடலை அவர் கழற்றி எறிந்துவிடவும் இல்லை. உயிர்த்தெழுந்தவர் தோமாவிடம் தம் காயங்களைக் காட்டினார். நம் மனிதத்தன்மையோடுதான் பிதாவின் வலதுபாரிசத்தில் நமக்காகப் பரிந்துபேசுகிறார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. வரும் கிறிஸ்துமஸ் ஆராதனையில் எபிரெயர் 2ஆம் அதிகாரத்தையும், பெரிய வெள்ளியன்று யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தையும் வாசித்து விளக்குங்கள். பாலத்துக் கதையைக் கைவிடுங்கள். திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் இளைஞர்களுக்கு நிசேயா விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாக மட்டும் கொடுத்துவிடாமல், நமக்காகவும் நம் இரட்சிப்புக்காகவும் அவர் இறங்கி வந்து மனிதரானார் என்ற அறிக்கையையும், அதைத் தொடர்ந்து நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்ற அறிக்கையையும் ஒன்றாக வைத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கிப் பதில் சொல்லுங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உங்கள் பிரசங்கங்களைக் கேட்கும் விசுவாசிகளில் ஒருவன்