பொருள்: சிப்ஸ் பாக்கெட்டில் சோடியம் அளவு தவறு – நான்காவது முறையாகப் புகார்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது.

அதே நீலப் பாக்கெட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். 100 கிராமில் சோடியம் 85 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பக்கத்திலேயே, 30 கிராம் சாப்பிட்டால் ஒரு நாள் அளவில் 13 சதவீதம் என்றும் இருக்கிறது. ஒரு நாள் அளவு 2,000 மில்லிகிராம். 85 என்றால் 1 சதவீதத்துக்குச் சற்று மேல்தானே வரும்! 13 வர வேண்டுமானால் 850 இருக்க வேண்டும். அதாவது, அந்தச் சோடியத்தை உப்பாகக் கணக்கிட்டால், 100 கிராமில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு. ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டீர்கள்.

என் அப்பாவுக்கு 72 வயது, ரத்தக் கொதிப்பு. டாக்டர் சொன்னதால் ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் நிறுத்தினோம். தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது கொடு என்று கேட்டார். அந்த 85-ஐப் பார்த்து நானே வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் என் கையாலேயே!

உங்கள் சேவை மையத்தில் பேசியவர் என்ன சொன்னார் தெரியுமா? "சார், சிப்ஸ் சாப்பிடுகிறவர்கள் இதையெல்லாம் படிப்பதில்லை." படிக்க மாட்டார்கள் என்றால் எதற்கு அச்சிடுகிறீர்கள்? அவர் சொல்லித்தான் அரை நாள் விடுப்புப் போட்டு, இரண்டு பஸ் மாறி உங்கள் கிளைக்குப் போனேன். அது வெறும் குடோன். காவலாளி கேட்டைக்கூடத் திறக்கவில்லை. பாவம், அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அந்தப் படிப்பதில்லை என்ற பேச்சு இன்னும் காதில் அறைகிறது. எங்கள் வீட்டு நிம்மதியே போய்விட்டது. ஒரு லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

பல வருட வாடிக்கையாளன் என்ற முறையில் பணிவுடன் கேட்கிறேன்: கடைகளில் இருக்கும் பாக்கெட்டுகளைத் திரும்பப் பெறுங்கள். சரியான அளவை ஆய்வக அறிக்கையுடன் எழுத்தில் தாருங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவாகும். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். அழைப்பு விவரங்கள், ரசீதுகள் எல்லாம் கைவசம் உள்ளன. பிரிக்காத பாக்கெட் இரண்டும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன.

உங்கள் ஆள் யாராவது என் அப்பாவிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை