இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியின்போது கொல்லப்பட்ட பத்திரிகையாளர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரூபென் சலசார் பெயரைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, ஆனால் அவருக்குக் கிடைத்தது பெட்டிச் செய்தியில் இரண்டே வரி, அதிலும் அவர் எப்படி இறந்தார் என்பது மட்டும்தான். இது உங்கள் தவறு என்று சொல்லமாட்டேன், அமெரிக்காவிலேயே பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

சலசார் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸில் 1928இல் பிறந்து, கைக்குழந்தையாக எல்லை தாண்டி டெக்சாஸின் எல் பாசோவுக்கு வந்தவர். அங்கே உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தபோது, சிறைக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க 1955இல் குடிகாரனைப் போல நடித்துக் கைதாகி உள்ளே போனார். பார்த்ததை அப்படியே எழுதினார். 1959இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் சேர்ந்தார், 1963இல் அந்த நகரத்து மெக்சிகோ வம்சாவளி மக்களைப் பற்றி ஒரு தொடர் எழுதினார். பள்ளி, வேலை, அரசியல் என்று எல்லாவற்றிலும் அவர்கள் ஏன் பின்தங்கிக் கிடக்கிறார்கள் என்பதை, குற்றச் செய்தியில் தவிர வேறு எங்கும் அவர்களைக் கண்டுகொள்ளாத ஒரு பெரிய ஆங்கிலப் பத்திரிகையிலேயே எழுத முடிந்ததே, அதுதான் விஷயம். அப்புறம் டொமினிகன் குடியரசு, வியட்நாம், மெக்சிகோ சிட்டி என்று வெளிநாட்டு நிருபராகச் சுற்றினார்.

பெட்டிச் செய்தியில் விட்டுப்போன முக்கியமான இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 1970 தொடக்கத்தில் அவர் டைம்ஸ் வேலையை விட்டுவிட்டு கேமெக்ஸ் என்ற ஸ்பானிஷ் தொலைக்காட்சியில் செய்தி இயக்குநராகப் போனார். வெளிநாட்டு நிருபராக இருந்த ஒருவர் உள்ளூர் ஸ்பானிஷ் சேனலுக்குப் போவதென்றால் அன்றைக்கு எல்லோரும் அதை இறக்கமாகத்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் இத்தனை வருஷம் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களில் நிறையப் பேர் ஆங்கிலப் பத்திரிகை படிப்பவர்கள் இல்லையே, அவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேச வேண்டும் என்று நினைத்தார். டைம்ஸை முழுசாக விட்டுவிடவும் இல்லை, வாராவாரம் பத்தி எழுதினார். சிக்கானோ (உரிமைக்காகக் குரல் கொடுத்த மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்) என்பவர் யார், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அந்த பிப்ரவரியில் வெள்ளைக்கார வாசகர்களுக்கு விளக்கியது அதில்தான். இந்தப் பக்கம் ஸ்பானிஷ், அந்தப் பக்கம் ஆங்கிலம், இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்தார். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய காரியம் அந்த எட்டு மாதம்தான்.

காவல்துறைக்கு இது பிடிக்கவில்லை. அந்த ஜூலையில் ஆள் மாறிப்போய் மெக்சிகோவைச் சேர்ந்த இரண்டு பேரை போலீஸ் சுட்டுக் கொன்றதை அவர் விடாமல் ஒளிபரப்ப, அதிகாரிகள் நேரிலேயே வந்து, இந்த மாதிரிச் செய்தியெல்லாம் அந்த மக்களிடம் போனால் ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் அதையும் எடுத்துப் பத்தியில் எழுதிவிட்டார்!

இத்தனைக்கும் அவர் சிக்கானோ இயக்கத்துக்காரர் இல்லை. கோட்டு, டை, ஆரஞ்சு கவுண்டியில் வீடு, எதையும் சந்தேகத்தோடு பார்க்கும் பழைய பாணி நிருபர். செத்த பிறகு சுவரில் வரைந்த தியாகி முகம்தான் இப்போது எல்லோருக்கும் தெரிகிறது, அவர் எழுதியதைப் படித்தவர்கள் குறைவு.

சாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் 'கலவரத்தில் சிக்கி இறந்தார்' என்று போட்டிருக்கிறீர்கள். 1970 ஆகஸ்ட் 29 அன்று கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலம், 20,000 பேருக்கு மேல் வந்தார்கள். மெக்சிகோ வம்சாவளி மக்களின் பிள்ளைகள் போரில் அளவுக்கு மீறிச் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் கோபம். பூங்காவில் கூடியிருந்த கூட்டத்தை ஷெரிப்பின் (கவுண்டி, அதாவது மாவட்டக் காவல்துறைத் தலைவர்) ஆட்கள் கலைத்த பிறகு ரகளை விட்டியர் சாலைக்குப் பரவியது. சலசார் சில்வர் டாலர் என்ற மதுக்கடைக்குள் சக ஊழியரோடு உட்கார்ந்திருந்தார். வெளியே நின்ற ஷெரிப் துறைக் காவலர் ஒருவர், சுவரையே துளைக்கக்கூடிய கண்ணீர்ப்புகைக் குண்டை வாசல் வழியாக உள்ளே சுட்டார், அது தலையில் பட்டது. வயது 42. தொலைக்காட்சியிலேயே மரண விசாரணை ஓடியது, ஆனாலும் யார் மேலும் வழக்குப் போடவில்லை. பிற்பாடு கவுண்டி நிர்வாகம் குடும்பத்துக்கு 7,00,000 டாலர் கொடுத்தது. கலவரத்தில் சிக்கினார் என்றால் யாரும் எதுவும் செய்யாமல் தானாக நடந்த மாதிரி இருக்கிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்தப் பூங்காவுக்கு இப்போது அவர் பெயர், 2008இல் தபால்தலையும் வந்தது. சரி, அதெல்லாம் இருக்கட்டும். அடுத்த இதழில் முடிந்தால் அவருடைய 1963 தொடரையும் கேமெக்ஸ் மாதங்களையும் பற்றி இரண்டு பக்கமாவது போடுங்கள். இன்னொன்று, அன்றைய சம்பவங்களில் உயிர்போனது சலசாருக்கு மட்டுமில்லை, மொத்தம் மூன்று பேர். அதையாவது திருத்தமாக வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய வாசகர்