பூச்சுக்குள் பிழைத்த சித்திரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான இஸ்தான்புல் பயணக் கட்டுரையில், 1453-இல் நகரம் ஒட்டோமானியத் துருக்கியர் வசமானதும் ஹாகியா சோஃபியா தேவாலயத்தின் சித்திரங்கள் யாவும் அழிக்கப்பட்டுவிட்டன என்றும், இப்போது வெளிநாட்டுப் பயணிகளை மேல்மாடத்துக்கு மட்டுமே விடுவதால் 25 யூரோ கொடுத்து உள்ளே போவது வீண் என்றும் எழுதப்பட்டிருந்தது. முன்னது தகவல் பிழை. பின்னது, 2024 ஏப்ரலில் அங்கே ஒரு முற்பகல் முழுவதும் இருந்துவிட்டு வந்தவள் என்ற முறையில், என்னால் ஒப்ப முடியாத முடிவு.

பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டீனியன் காலத்தில், 537-இல் கட்டி முடிக்கப்பட்ட அத்தேவாலயத்தைப் பள்ளிவாசலாக்கிய ஒட்டோமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அதை இடிக்கவில்லை. பொடிச் சில்லுகள் பதித்துச் செய்த உருவச் சித்திரங்கள் (மொசைக்) பலவும் காலப்போக்கில் பூச்சுக்குள் மறைந்தன. 1847 முதல் 1849 வரை சுல்தான் அப்துல் மெஜீதின் ஆணைப்படி கட்டடத்தைப் பழுதுபார்த்த கட்டடக் கலைஞர்களான ஃபொஸாட்டி சகோதரர்கள், பூச்சை அகற்றி அவற்றைப் படியெடுத்துக்கொண்டு மறுபடியும் மூடினார்கள். 1930-களில்தான் அவை திரும்ப வெளிச்சத்துக்கு வரத் தொடங்கின. அழிந்த பொருளுக்கு இத்தனை வரலாறு இருக்க முடியாது.

அவற்றுள் சிறந்தவை மேல்மாடத்தில்தான் உள்ளன. தென்பக்க மாடத்தில், நடுவே இயேசுவும் இருபுறம் மரியாளும் திருமுழுக்கு யோவானும் உள்ள 13-ஆம் நூற்றாண்டுச் சித்திரத்தின் கீழ்ப்பகுதி உதிர்ந்துவிட்டது. ஆனால் யோவானின் (இஸ்லாமியருக்கு இவர் யஹ்யா நபி) கலைந்த தலைமுடியையும் வருத்தம் படிந்த முகத்தையும், பொடிச் சில்லுகள் ஒவ்வொன்றாகத் தெரியும் அளவுக்கு, கிட்ட நின்று பார்க்கலாம். அங்கிருந்து திரும்பினால், சுமார் 7.5 மீட்டர் விட்டமுள்ள அரபு எழுத்து வட்டங்கள், கீழே அண்ணாந்து பார்ப்பவருக்குக் கிட்டாத நெருக்கத்தில் தொங்குகின்றன. குவிமாடத்தின் அடியில் நான்கு மூலைகளிலும் ஆறு சிறகு வானதூதர்கள். மூவரின் முகத்தை உலோக மூடி மறைத்திருக்க, ஒருவர் மட்டும் முகம் திறந்திருக்கிறார். மேற்கு மாடத்தின் நடுவில் நின்றால், கட்டடத்தின் அச்சிலிருந்து மிஹ்ராப் (தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்) மட்டும் மக்காவை நோக்கிச் சற்றே வலப்புறம் ஒதுங்கியிருப்பது துல்லியமாகத் தெரிகிறது.

கட்டணம் அதிகம்தான், குவிமாடத்துக்கு நேர் கீழே நிற்க முடியாத குறையும் எனக்கு உண்டு. எனினும், செல்லவிருப்போர் கட்டுரையை நம்பி வாயிலோடு திரும்பிவிடாதபடி, 1453 பற்றிய வரியையாவது அடுத்த இணைப்பில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி