பொங்கிச் சாப்பிட்ட பிறகு

திருகோணமலை
தை மாதம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. பொங்கலுக்குப் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறாய் என்று அப்பா சொன்னார். சமையல் உனக்குத் தெரியும். சாப்பிட்டவர்கள் எழும்பிய பிறகு ரொறொன்ரோக் குசினியில் எதை முதலில் தொடுவது, எதைக் காலைக்கு விடுவது என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

கோப்பைகள் கிடக்கட்டும். முதலில் சோற்றையும் கறியையும் பார். ஆக்கிய சோறு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருக்கக்கூடாது. அரிசியிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. இளஞ்சூட்டில் முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பானையோடு பிறிட்ஜில் வைத்தால் நடுச்சோறு ஆற நெடுநேரமாகும். தட்டையான பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்குமேல் போகாமல் பரப்பி வை. தேங்காய்ப்பால் விட்ட கறிக்கும் இதே அவசரம்தான்.

அடுத்தது வடை சுட்ட எண்ணெய். ஆறவிட்டு வடித்து, தெளிவாக இருந்தால் இன்னொருமுறை பாவிக்கலாம். கறுத்து நுரைத்ததை வெறும் ரின்னில் ஊற்றிக் குப்பையில் போடு. சிங்கில் மட்டும் ஊற்றாதே. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறையும். திருகோணமலை வெக்கையில் அது எப்போதும் தண்ணியாகவே கிடப்பதால் நமக்கு அந்தப் பயம் வருவதில்லை. அங்கே மாரிக்குளிரில் குழாய்க்குள் மெழுகுபோல இறுகிவிடும். சுடுதண்ணி விட்டுத் தள்ளினால், கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய் உறையும், அவ்வளவுதான். தாச்சியையும் நெய்க் கிண்ணங்களையும் பேப்பரால் வழித்துத் துடைத்த பிறகே கழுவு. அடைத்துவிட்டால், சிங்கின் கீழே வளைந்த குழாய்க்கு அடியில் வாளி வைத்து, இரு பக்க வளையங்களையும் கையால் கழற்று. பெரும்பாலும் அடைப்பு அந்த வளைவுக்குள்தான் இருக்கும்.

பால் வழியாமல் பொங்கல் இல்லை. இங்கே முற்றத்து மண் குடித்துவிடும். உன்னுடையது கண்ணாடி அடுப்பு. வெறும் பால் என்றால் ஆறியபின் ஈரத்துணி போட்டு ஊறவைத்துத் துடைக்கலாம். சர்க்கரை போட்ட பிறகு வழிந்தால் ஆறவிடாதே. சர்க்கரை இறுகினால், பெயர்க்கும்போது கண்ணாடியிலும் சில்லுப் பெயரும். அடுப்பை நிறுத்தி, தடித்த கையுறை போட்டு, கண்ணாடி அடுப்புக்கென விற்கும் சுரண்டியைச் சரித்துப் பிடித்துச் சூட்டோடு வழித்தெடு.

பால் பட்ட பாத்திரத்தில் முதலில் பச்சைத்தண்ணி விடு. சுடுதண்ணி பாலை அவித்து ஒட்டவைக்கும். சில்வர் பானை அடிப்பிடித்திருந்தால் அடி மூடத் தண்ணியும் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு மர அகப்பையால் கிளப்பு. அலுமினியச் சட்டிக்கு அப்பச்சோடா வேண்டாம், கறுத்துவிடும்.

நீ கொண்டுபோன பித்தளைப் பானைதான் எனக்குக் கவலை. உள்ளே பூசியிருக்கும் வெள்ளீயம் 232 பாகையில் உருகும். வெறும் பானையை அடுப்பில் வைத்துக் காயவைக்காதே. உள்ளே கம்பித்தும்பும் படக்கூடாது, ஊறவைத்துத் துணியால் கழுவு. வெளியே பழப்புளியும் உப்பும் தேய்த்து உடனே அலசு. புளி காயும்வரை விட்டால் செம்புநிறத் திட்டு விழும். துடைத்து ஈரமில்லாமல் வை. இதைக் காலையிலும் செய்யலாம், பானை ஓடிவிடாது.

சிரட்டை அகப்பைகளை ஹீற்றருக்கு மேல் காயவைக்காதே, வெடிக்கும். இங்கே தை மழையில் எங்களுக்குப் பூஞ்சணத்தோடு மல்லுக்கட்டு. மிக்சியில் அரைக்கோப்பைத் தண்ணியும் ஒரு சொட்டுச் சோப்பும் விட்டு அரை நிமிடம் ஓட்டிவிட்டு, அலகுக்குக் கீழுள்ள ரப்பர் வளையத்தையும் கழற்றிக் கழுவு. நாற்றம் அங்கிருந்துதான் வரும். மஞ்சள் பிடித்த பிளாஸ்டிக்கை யன்னலோரம் வெயிலில் வை, நாளடைவில் வெளுக்கும்.

சிங்குக்கு வெளுப்பு மருந்து ஊற்றுவதாயிருந்தால், புளி, தேசிக்காய், வினாகிரி வேலையெல்லாம் முடித்து நன்றாக அலசியபின் ஊற்று. புளிப்போடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும்.

அன்புடன்,
அம்மா