கரமடியில் ஒரு கோணம்

நாகர்கோவில்

அன்பு மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்துவிட்டது. நடுவில் பிடித்த மழையில் வைக்கோல்தான் நாசம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை, சாயங்காலம் கோயில் வரை நடக்கிறாள்.

சரி, உன் மகளின் கணக்குக்கு வருகிறேன். ஒரே புள்ளியில் 3 நியூட்டன், 5 நியூட்டன் என்று இரண்டு விசை, இரண்டும் சேர்ந்து தரும் ஒற்றை விசையான தொகுபயன் 7 நியூட்டன், இடையில் கோணம் எவ்வளவு? அவளுக்கு 120 டிகிரி வருகிறது, புத்தகத்தில் 60. என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் வழுக்குகிற இடம் இது. அவள் பெருக்கியது, வகுத்தது எல்லாம் சரிதான். கண்டுபிடித்த கோணம்தான் வேறு. முக்கோணத்தின் கொசைன் விதியைக் கழித்தல் குறியோடு போட்டிருக்கிறாள். ஒரு விசையின் தலையில் அடுத்ததன் வாலை வைத்து வரைந்தால் முக்கோணத்துக்குள் விழும் கோணம் அது. நமக்கு வேண்டியது இரண்டு வாலும் ஒரே புள்ளியில் இருக்கும்போது உள்ள கோணம். இரண்டையும் கூட்டினால் 180. விசைகளைக் கூட்டும் இணைகர விதியில் அந்த இடத்தில் கூட்டல் குறி வரும்: 49 = 9 + 25 + 30 கொசைன் தீட்டா. தீட்டாதான் நமக்கு வேண்டிய கோணம். 49இல் 34 போனால் 15, அதை 30ஆல் வகுத்தால் அரை. அப்படியென்றால் 60 டிகிரி.

விடையைப் பார்க்காமலே இதைச் சோதிக்கலாம். இரண்டும் செங்குத்தாக இருந்தால் தொகுபயன் 34இன் வர்க்கமூலம், சுமார் 5.8. நமக்கு 7 வந்திருக்கிறதே, அப்போது கோணம் 90ஐ விடக் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? குறியை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு கேள்வி போதும் என்பது என் கட்சி.

காலாண்டு லீவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. மணக்குடி, பள்ளம் பக்கம் எங்காவது கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் மடிவலை, போட்டிருந்தால் காட்டுகிறேன். கரையில் இரண்டு கூட்டமாகத் தள்ளி நின்று, குதிகால் மணலில் புதைய, கூட்டத்துக்கொரு கயிற்றை இழுப்பார்கள் இல்லையா? இரு பக்கமும் ஒரே அளவு இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள். கயிறுகளுக்கு நடுவே 120 டிகிரி இருந்தால் மடிக்குக் கிடைப்பது ஒரு பக்கத்து இழுப்பு மட்டும்தான். மீதி பக்கவாட்டில் ஒன்றையொன்று தின்றுவிடும். 60 டிகிரிக்கு வந்தால் 1.73 மடங்கு. ஒட்டி நின்றால் இரண்டு மடங்கு முழுசாக. மடி கரையை நெருங்க நெருங்க அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வருவது கொசைனுக்காக இல்லை, வலையின் வாய் மூடாவிட்டால் மீன் போய்விடும் என்பதற்காக. இழுப்பு கூடுவது அதோடு சும்மா கிடைக்கிற லாபம்.

கோணம் 120ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்று அவளையே போட்டுப் பார்க்கச் சொல். இரண்டு கூட்டம் இழுத்தும் ஒரு கூட்டத்தின் பலன்கூட வராது என்று தெரிந்ததும் அவளே சிரிப்பாள்.

அப்புறம், எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுது. தோட்டத்தில் மட்டி வாழைக்குலை ஒன்று வெட்டுகிற பருவத்தில் நிற்கிறது, நீங்கள் வரும் நாளைப் பார்த்துப் பழுக்க வைக்க வேண்டும்.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி